மல்லிகைச் சரமும் மகிழுந்தின் பெல்ட்டும்

எங்கள் வீடமைப்புப் பகுதியில் ஒரு கதை உலவுகிறது. எதிர்வீட்டு அக்கா வைத்த பூச்சரத்தால் எங்கள் மகிழுந்து பழுதாயிற்று என்பதும், நோயாளியான என் மனைவி நடுச்சாலையில் நின்றுபோகும் ஆபத்துக்கு ஆளானார் என்பதும் அக்கதை. அதைப் பரப்புகிறவர் எங்களுக்குப் பகைவர் அல்லர், அந்த அக்காவேதான். தம்மீது தாமே குற்றம் சுமத்திக்கொண்டு, சந்தையிலும் கோயில் வாசலிலும் கேட்போரிடமெல்லாம் சொல்லி வருகிறார். சொல்லச் சொல்லக் கதையும் வளர்கிறது. அண்மையில் என் காதுக்கு எட்டிய வடிவத்தில் எஞ்சினிலிருந்து புகை எழுந்ததாம். புகை எழவில்லை.

ஆகவே, என் கண்ணால் கண்டது, கையால் தொட்டது, உரியவரின் வாயிலிருந்து நேரே கேட்டது ஆகியவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். நமக்கு நன்மை செய்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருக்குச் சாதகமாகக்கூட ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது. கூட்டிவிட்டால், அவர்மீதுள்ள பழியைக் குறித்து நான் தரும் சான்று மதிப்பிழந்துவிடும். பெயர்களை விட்டுவிட்டேன், இதில் வருகிறவர்கள் எவரும் பெயர் வேண்டிச் செய்தவர்கள் அல்லர்.

நாங்கள் குடியிருப்பது அலோர் காஜாவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில். நானும் என் மனைவியும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தபின், வாரத்தில் மூன்று காலைகள் அவரைப் பாச்சாங்கிலுள்ள இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துச் செல்வது என் பணியாயிற்று. சில மணிநேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்துவிட்டு, வெளுத்த முகத்தோடு வெளியே வருவார். அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட இயலாது. மகிழுந்தும் எங்களைப்போல் வயதானது. அதற்கு மாற்று எங்களிடம் இல்லை.

எதிர்வீட்டு அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவர். அவருடைய வீட்டு முகப்பு முழுவதும் மல்லிகைத் தொட்டிகள். ஆயுத பூசையன்று அவர் தம் வீட்டு வண்டிகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. தெருவில் நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச்சரம் சார்த்துவார். நாங்கள் கிறித்தவர்கள். முதல் ஆண்டில், எங்கள் வண்டிக்கும் வைக்கலாமா என்று என் மனைவியிடம் கேட்டார், அதன்பின் கேட்டதில்லை. எங்களுக்கும் அதில் தயக்கம் தோன்றியதில்லை.

சிகிச்சை தொடங்கிய ஆண்டின் ஆயுத பூசையன்று, முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் பதிந்திருக்கும் பள்ளத்தில் அவர் ஒரு சரத்தை வைத்தார். வெளிக்காற்று வண்டிக்குள் புகும் வழி அங்கேதான் இருக்கிறது என்பது அன்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மறுநாள் நாங்கள் பாச்சாங்குக்குப் புறப்பட்டபோது, காற்றுத் துளைகளின் வழியே மல்லிகை மணம் உள்ளே வந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு அதை முகர்ந்தபடியே வந்தார். நிலையத்தில் எப்போதும் கிருமிநாசினி நெடி. அதை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். அன்று குமட்டவில்லை என்று திரும்பி வந்ததும் அக்காவிடம் சொன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சிகிச்சை நாளன்று விடியற்காலையில் வண்டியின் கண்ணாடிக்கடியில் புதுச்சரம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஆண்டுக்கொருமுறை நடந்த வழக்கம் வாரத்துக்கு மூன்றுமுறை என்றாயிற்று. ஈரம் காயாத மொட்டுகளை வெள்ளை நைலான் நூலில் நெருக்கித் தொடுத்து, நாங்கள் எழுமுன்பே வைத்துவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்லச் சென்றால், செடி பூப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சத்தம் தொடங்கியது ஒரு மழைக்காலக் காலையில். எஞ்சினை முடுக்கியதும், பானட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று நீண்ட ஓர் ஒலி கிளம்பியது. சாலையில் சிறிது தூரம் சென்றதும் அது அடங்கிற்று. மறுநாள் இன்னும் சற்று நீண்டது. பிறகு ஏ.சி.யை இயக்கும்போதெல்லாம் வந்தது. தெருவின் நாய்கள் அந்த ஒலிக்கு எழுந்து குரைக்கத் தொடங்கின. பெல்ட்டின்மீது சோப்புக் கட்டியைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எண்ணெய் நிலையத்தில் ஒருவர் சொன்னார். நான் தேய்க்கவில்லை. ஒலியை மறைத்துவிட்டால் காரணத்தைத் தேடும் வழியும் மறைந்துவிடும் என்று தோன்றியது.

வண்டி பழுது பார்ப்பவரை எங்கள் ஊர்களில் போமன் என்பார்கள். நாங்கள் நம்பிய போமன், சுத்திகரிப்பு நிலையத்தில் அறிமுகமானவர். அவருடைய தாயாருக்கும் எங்களுடைய நாள்களிலேயே சிகிச்சை. தஞ்சோங் கிளிங்கில், கடலோரச் சாலைமேல் அவருடைய பட்டறை இருந்தது. மீனவர்களின் படகு எஞ்சின்களும் அவரிடம் வரும். நிலையத்தின் வாகனம் நிறுத்துமிடத்தில் எங்கள் வண்டியின் ஓலத்தைக் கேட்டதும், நான் கேளாமலேயே பானட்டைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே, எஞ்சினின் பக்கவாட்டில், ஒரே ஒரு கறுப்பு ரப்பர்ப் பட்டை மேலும் கீழுமாக, புல்லி எனப்படும் பல உருளைகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் உண்டாக்கும் கருவி, ஏ.சி., ஸ்டேரிங், குளிர்நீரைச் சுழற்றும் பம்ப் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரு பெல்ட்தான் விசை தருகிறது என்றார். அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சற்றுத் தூரம் போகும், ஸ்டேரிங் கல்லாக இறுகும், எஞ்சின் கொதிக்கும், நின்றுவிடும் என்று விரல்விட்டுச் சொன்னார். என் மனைவி அப்போது உள்ளே இயந்திரத்தோடு இருந்தார். அவர் இதைக் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

போமன் ஒரு தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு, ஓடும் பெல்ட்டின் உட்புற வரிகளின்மேல் மெல்லப் பீய்ச்சினார். ஒலி சட்டென நின்றது. சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்தது.

“பாத்தீங்களா சார்? தண்ணி பட்டதும் சத்தம் கூடியிருந்தா, பெல்ட்டு லூசு. இது நின்னு திரும்ப வருது. ஒண்ணு பெல்ட்டு தேஞ்சிருக்கணும், இல்லன்னா ஏதோ ஒரு புல்லி ஒழுங்கா நிக்கல.”

எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைச் சிறிது முறுக்கிக் காட்டினார். வரிகளின் குறுக்கே வெடிப்புகள். வரிகளின் ஓரங்கள் பளபளவென்று மெழுகு பூசியதுபோல் இருந்தன. இரண்டு காரணங்களில் ஒன்று கண்ணெதிரே தெரிந்ததால், மற்றதை நாங்கள் இருவரும் தேடவில்லை. அன்று வேறு எவராக இருந்தாலும் அப்படியே செய்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பட்டறையில் அவர் புதுப் பெல்ட்டை மாட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். பழையதைக் கழற்றுமுன், அது எந்தெந்த உருளையின்மேல் எப்படி ஓடுகிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். நீண்ட ஸ்பேனரால் இழுவிசை தரும் உருளையை ஒருபக்கம் தள்ளியதும் பெல்ட் தளர்ந்து வெளியே வந்தது. புதியதை மாட்டியபின், ஒவ்வோர் உருளையிலும் வரிகள் பள்ளத்துக்குள் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு வரி விலகினாலும் பெல்ட் பிய்ந்துவிடும். இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்தால் நல்லது என்றார். வண்டி ஓசையின்றி ஓடிற்று. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த அமைதி நிலைக்கவில்லை. அடுத்த வாரத்திலேயே வேறோர் ஒலி தொடங்கியது. முன்பு கேட்டது கிறீச்சிடல். இதுவோ மணலை அரைப்பது போன்ற உறுமல். சாலையில் சென்றாலும் அடங்கவில்லை. போமனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மெதுவாக ஓட்டி வாருங்கள், உங்கள் வீட்டம்மாவை நிலையத்தில் இறக்கிவிட்டு நேரே பட்டறைக்கு வந்துவிடுங்கள் என்றார். வழியில் நின்றுவிட்டால் வண்டியைப் பார்ப்பதா, மனைவியைப் பார்ப்பதா என்று நான் குழம்பி நின்றதை எதிர்வீட்டு அக்கா கவனித்துவிட்டார்.

“நான் வரேன் தம்பி. காடி நின்னா நீங்க காடியப் பாருங்க, நான் தங்கச்சியப் பாத்துக்குறேன்.”

காடி என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் மகிழுந்து. அக்கா ஒரு குடை, குடிநீர், ஒரு போர்வை ஆகியவற்றோடு பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். வண்டி நிற்கவில்லை. மனைவியை நிலையத்தில் விட்டபின், துணைக்கு வந்தவர்களை உள்ளே அனுமதிப்பதில்லையாதலால், அக்காவும் என்னோடு தஞ்சோங் கிளிங்குக்கு வந்தார். அங்கே மீன் புதிதாகக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

போமன் இம்முறை பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் உருளையையும் வெறுங்கையால் சுழற்றினார். என்னையும் சுழற்றச் சொன்னார். முதல் சில உருளைகள் வழுவழுவென்று ஓசையின்றிச் சுழன்றன. எதையும் இயக்காமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே அமைந்த சிறிய உருளை ஒன்று இருந்தது. அதைச் சுழற்றியபோது உள்ளே மணல் இருப்பதுபோல் விரலில் உறுத்திற்று. பேரிங் போய்விட்டது என்றார். அந்த உருளையைக் கழற்றித் திருப்பியபோது, அதன் பின்புறத்தில், நடு அச்சைச் சுற்றி இறுகச் சுருண்டு கறுத்துப்போன நூல் ஒன்று இருந்தது. அதில் காய்ந்த பூக்காம்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

போமன் சிரித்தார். “என்னா சார், உங்க காடி மீன் புடிக்கப் போச்சா? மீன் புடிக்கிற போட்டு எஞ்சின்லயும் இதே கதைதான்லா. தூண்டி நூலு போயி ஷாஃப்ட்ல சுத்திக்கும், ரப்பர் சீல அறுக்கும், தண்ணி உள்ள போவும், முடிஞ்சிச்சி. நூலுதான் பேரிங்கத் தின்னுருக்கு.”

பட்டறை வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தார். நூலை வாங்கி நகத்தால் கருமையைச் சுரண்டினார். அடியில் வெள்ளை தெரிந்தது.

“இது என் நூலு” என்றார்.

போமனின் சிரிப்பு நின்றது. பூவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நான் சொன்னபின், கண்ணாடியடிப் பள்ளத்திலிருந்து பானட்டின் இடுக்கு வழியாக நூல் உள்ளே விழுந்திருக்கும், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை ஆன்ட்டி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புது உருளையை மாட்டினார். உறுமல் அறவே நின்றது. அக்கா மீன் வாங்கவில்லை. பாச்சாங்கில் என் மனைவி சோர்ந்து வந்து வண்டியில் ஏறியதும், அவருடைய கையைப் பற்றிக்கொண்டு, “உன்ன நடுரோட்டுல நிறுத்தப் பாத்தேனே தங்கச்சி” என்றார். என் மனைவி, “நிக்கலயே அக்கா” என்றார்.

மறு சிகிச்சை நாளன்று கண்ணாடியின் அடியில் பூ இல்லை. அதன்பின்னும் இல்லை. அக்கா பேச்சை நிறுத்தவில்லை. நலம் கேட்பதையும் நிறுத்தவில்லை. வண்டியின் அருகே வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். அடுத்து வந்த ஆயுத பூசையன்று தெருவில் எவருடைய வண்டிக்கும் அவர் பூ வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னார். கதை அவ்வாறுதான் பிறந்தது. மல்லிகை பூத்துத் தொட்டியடியில் உதிர்ந்து கிடப்பதை என் மனைவி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் நின்னுச்சு. வாசமும் நின்னுச்சு” என்றார் என்னிடம். நிலையத்தின் நெடியால் அவருக்கு மீண்டும் குமட்டல் தொடங்கியிருந்தது.

உண்மையை அறிந்தாலன்றி இது தீராது என்று எண்ணி, போமனிடம் சென்றேன். பழைய உருளையை அவர் கழிவு இரும்போடு போட்டுவைத்திருந்தார். தேடி எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பேரிங்கின் மூடியைத் திறந்தார். உள்ளே கிரீஸ் வறண்டு பழுப்பேறிக் கிடந்தது. குண்டுகளில் துருவும் இருந்தது. மூடியின் ரப்பர் விளிம்பில் சிறிய வெட்டு ஒன்று தெரிந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இந்த வெட்டு நூலு போட்டதா, இப்ப நான் நெம்புனப்ப விழுந்ததான்னு சத்தியமா தெரியல சார். காடி வயசுக்கு இந்த பேரிங்கு தானாவும் ரோசாக் ஆவும், கெட்டுப்போவும். அன்னைக்கு போட்டு எஞ்சின் நெனப்புல வாயில வந்தத சொல்லிட்டேன்.”

அப்படியானால் நூல் காரணமன்று என்று அக்காவிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

“அப்படியும் சொல்ல முடியாதே சார்.”

அவர் வேண்டுமானால் எனக்கு இதமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளரின் மனம் குளிர்ந்திருக்கும். சொல்லாததற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் கூறியதை அப்படியே, கூட்டாமலும் குறைக்காமலும் அக்காவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் என் நூலாகவும் இருக்கலாம் என்றுதானே சொல்கிறீர்கள் தம்பி என்றார். ஆமென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

என் மனைவிக்கு என்மேல் கோபம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றார். பிறகு, நான் தடுத்தும் கேளாமல், சுவரையும் வாயிற்கம்பியையும் பிடித்தபடி தாமே தெருவைக் கடந்தார். சிகிச்சை இல்லாத நாள்களிலும் அவருக்கு அது நெடுந்தொலைவு. நான் எங்கள் வாயிலில் நின்றேன். பேசியது தெளிவாகக் கேட்டது.

“எனக்குப் பூ வேணும் அக்கா.”

“ஒன் காடிப் பக்கமே வர மாட்டேன்.”

“காடிக்கு யாரு கேட்டா? எனக்குக் கேக்குறேன்.”

“அந்த நூலத் தொட்டாலே கை கூசுது தங்கச்சி.”

“அப்ப நூலு வேணாம். கட்டாமக் குடுங்க.”

அக்கா குரலைத் தாழ்த்தி, “கட்டாத பூவ எப்படிக் குடுக்குறது? எழவு வீட்டுல தூவுறதாச்சே அது” என்றார்.

“நான் இன்னும் சாவல அக்கா. சாவுறதுக்குள்ள வாசம் பாத்துக்குறேன், குடுங்க.”

இருவரும் சிரித்தார்களா, அழுதார்களா என்பது எனக்குத் தெரியும். என் கண்ணால் கண்டேன். அது அவர்களுக்கு மட்டும் உரியது என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

அடுத்த சிகிச்சை நாளின் காலையில், நான் வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில், அக்கா தெருவைக் கடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். என் மனைவி கண்ணாடியை இறக்கினார். வாழையிலையில் மடித்த உதிரிப்பூவை அவருடைய மடியில் வைத்துவிட்டு, வண்டியைத் தொட்டுவிடாதபடி கையை இழுத்துக்கொண்டு அக்கா விலகி நின்றார். அன்றும் பிறகும் அந்தப் பொதி தவறியதில்லை. நிலையத்தை அடைந்ததும் என் மனைவி அதில் ஒரு கைப்பிடியைப் போமனின் தாயாருக்குக் கொடுப்பார். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உள்ளே போவார்கள். குமட்டல் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்கிறார். அது பூவாலா, மருந்தாலா என்று நான் கேட்கவில்லை.

வண்டி இன்றுவரை ஒருமுறையும் நின்றதில்லை. ஒரு சிகிச்சையும் தவறியதில்லை. கேளாமலே பானட்டைத் திறக்கச் சொன்ன போமனுக்கும், குடையும் போர்வையுமாகப் பின்னிருக்கையில் ஏறிய அக்காவுக்கும் என் மனைவியின் ஒவ்வொரு காலையிலும் பங்கு உண்டு. கைம்மாறாக என்னால் தரக்கூடியது, நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பதுதான்.

தெரியாதவையும் உள்ளன. அந்த உருளையின் பேரிங் நூலால் கெட்டதா, வயதால் கெட்டதா என்பது தெரியாது. நூல் எந்த நாளில் உள்ளே விழுந்தது என்பதும், முதலில் கேட்ட கிறீச்சொலியில் அந்த உருளைக்குப் பங்கு இருந்ததா என்பதும் தெரியாது. போமனுக்கும் தெரியாது. இதைப் படித்துக் காட்டினால் அக்கா தம்மை மன்னித்துக்கொள்வாரா என்பதும் எனக்குத் தெரியாது.